பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு? ஜீவனாம்சக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். கணவர் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 48,000 ரூபாய். நீங்கள் ஒன்றரை வருஷமாக இரண்டு பிள்ளைகளோடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். துணிக்கடையில் பில் போடும் வேலை, மாதம் 14,000. பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் எல்.கே.ஜி. அவருக்கு மனசு வந்தால் மூவாயிரமோ நாலாயிரமோ ஜிபேயில் போடுகிறார், வராவிட்டால் அந்த மாதம் இல்லை. "கேஸ் போட்டாலும் 25 சதவீதம்தான், அதுவும் என் கைக்கு வருவதே 29,000, அதில் நீ என்ன எடுத்துவிடுவாய்" என்று சொல்கிறார். பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு வரும், அதை எந்தக் கணக்கில் போடுவார்கள் என்பது உங்கள் கேள்வி.

நான் பதினெட்டு வருஷமாகக் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன், புதுச்சேரி கோர்ட்டுக்கும் அடிக்கடி போய் வருவேன். இந்த 25 சதவீதப் பேச்சை வாரத்தில் இரண்டு பேராவது என்னிடம் கொண்டு வருகிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளைகளின் பராமரிப்புக்கு இத்தனை சதவீதம் என்று நம் சட்டத்தில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 2017ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் என்பது மனைவிக்கு நியாயமான ஜீவனாம்சமாக இருக்கும் என்று சொன்னது. அது அந்த வழக்கின் நிலவரத்தை வைத்து, மனைவியைப் பற்றிச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் எல்லாம் சேர்த்தே 25தான் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். வக்கீல்களே சிலர் கட்சிக்காரரிடம் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள், எனக்கு அது ரொம்ப வருத்தம். குழந்தை ஒன்றா மூன்றா, ஆரோக்கியமா நோயாளியா, அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று எதையும் பார்க்காத ஒரு கணக்கு எப்படிக் குழந்தைக்கான கணக்காக இருக்க முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவாகிவிட்டது. கோர்ட் வராந்தாவில் இன்னமும் 'ஒன் ட்வென்டி ஃபைவ்' என்றும் 'எம்.சி. கேஸ்' (மெயின்டனன்ஸ் கேஸ்) என்றும்தான் பேசுவார்கள், குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். போதிய வசதி இருந்தும் ஒருவர் தன் மைனர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால், மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். எவ்வளவு என்பதைக் கோர்ட் முடிவு செய்யும். 2001 வரைக்கும் 500 ரூபாய்க்கு மேல் போட முடியாது என்ற உச்சவரம்பு இருந்தது, அந்த வருஷத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இந்தப் பிரிவு எல்லா மதத்துக்கும் பொது. முஸ்லிம் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் மேஜர் ஆகும் வரை இது பொருந்தும் என்று 1997லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமணம் பதிவாகவில்லை, அல்லது திருமணமே நடக்கவில்லை என்றாலும் பிள்ளையின் உரிமை போகாது. இந்துக்களுக்கு இதோடு 1956ஆம் வருஷத்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும் உண்டு; அதன் 20வது பிரிவு பிள்ளையைப் பராமரிக்கும் கடமையை அப்பா அம்மா இரண்டு பேர் மேலும் வைக்கிறது. இது உங்கள் கணக்கில் முக்கியம், பின்னால் வருகிறேன்.

புதுச்சேரிக்காரர்கள் சிலர் "பிரான்ஸில் டேபிளே இருக்கே சார்" என்று கேட்பார்கள், வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பதால் தெரிந்திருக்கிறது. ஆமாம், இருக்கிறது. அங்கே நீதி அமைச்சகம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டி அட்டவணையில், கொடுப்பவரின் வருமானத்தில் அவருடைய அடிப்படைப் பிழைப்புக்கு ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு குழந்தை என்றால் 13.5 சதவீதம், இரண்டு குழந்தை என்றால் தலைக்கு 11.5 என்று போகிறது. குழந்தை அப்பாவிடம் எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும், நீதிபதியை அது கட்டுப்படுத்தவும் செய்யாது. நம் கோர்ட்டில் அந்த அட்டவணையைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. புதுச்சேரியானாலும் கடலூரானாலும் மேலே இருப்பது சென்னை உயர் நீதிமன்றம்தான், சட்டமும் ஒன்றுதான்.

அப்படியென்றால் நம் நீதிபதி எதை வைத்துத் தொகையைப் போடுகிறார்? 2020 நவம்பர் 4ஆம் தேதி 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தது. மனு போட்டவர், எதிர்மனுதாரர் இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு, நம்பி இருப்பவர்கள் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாக ஒரு அஃபிடவிட்டில் எழுதித் தர வேண்டும். விவசாயக் குடும்பத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுகிறவரோ பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவரோ அதைத்தான் நிரப்ப வேண்டும். எதிர்மனுதாரருக்குப் பதில் அஃபிடவிட் போட அதிகபட்சம் நாலு வாரம். வேண்டுமென்றே இழுத்தடித்தால், அதற்கும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தால், அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பொய் எழுதினால் பொய்ச் சாட்சி நடவடிக்கைக்கும் வழி இருக்கிறது. பிள்ளையின் செலவு என்றால் சாப்பாடு, துணி, தங்குமிடம், மருத்துவம், படிப்பு, அதோடு நியாயமான அளவில் டியூஷனும் மற்ற பயிற்சிகளும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

சரி, இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். எல்லோரும் கணவரின் சம்பளத்திலிருந்து தொடங்குகிறார்கள், நான் எப்போதும் பிள்ளையின் செலவிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். சம்பளத்தில் ஆரம்பித்தால் பேச்சு முழுக்க அவருடைய லோன், அவருடைய அம்மா, அவருடைய பெட்ரோல் என்று போய்விடும், கடைசியில் மிஞ்சியதைப் பிள்ளைக்குக் கொடுப்பது போல ஆகிவிடும்.

நீங்கள் எழுதி அனுப்பியதை மாதக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். பெரியவளுக்கு வருஷ ஃபீஸ் 36,000, மாதத்துக்கு 3,000, வேன் 1,200, புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாம் ஜூன் மாதம் ஒரே மூச்சில் 9,000 ஆகிறது, அதை 12ஆல் வகுத்தால் 750, டியூஷன் 800. ஆக 5,750. சின்னவனுக்கு ஃபீஸ் 1,800, வேன் 900, புத்தகம் யூனிஃபார்ம் 400, அப்புறம் அவனுக்கு வீசிங் இருப்பதால் இன்ஹேலர், நெபுலைசர் மருந்து, டாக்டர் ஃபீஸ் சராசரியாக 900. ஆக 4,000. இரண்டும் சேர்த்து 9,750. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்களும் நிறுத்தியிருந்தீர்கள். வீட்டு வாடகை 6,000 கொடுக்கிறீர்களே, அந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4,000, பிள்ளைகளுடையது. மளிகை, பால், காய்கறி, மீன் எல்லாம் 10,500 என்றால் அதில் 7,000 பிள்ளைகளுடையது. கேஸ், கரண்டில் அவர்கள் பங்கு 700. தீபாவளி பொங்கல் துணி, உள்ளாடை, முடிவெட்டு, பிறந்தநாள் போன்றவற்றுக்கு மாதச் சராசரி 850. இவை 12,550. மொத்தம் 22,300 ரூபாய். ஆடம்பரமாக ஒரு ரூபாய்கூட இதில் கிடையாது.

இந்தத் தொகைக்கு ஆதாரம் வேண்டும். அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், தலைச்சுமையாக மீன் விற்பவர். ரசீது எதுவும் முழுசாக இல்லை. அவருடைய மகள் எட்டாவது படிக்கிற பெண், தன் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் தினச் செலவை எழுதி வைத்திருந்தாள். பால் இத்தனை, முட்டை இரண்டு, 'வேன் அண்ணனுக்குப் பாதி கொடுத்தோம், பாதி அடுத்த வாரம்' என்று. மருந்துக் கடைச் சீட்டுகளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள், சில பக்கம் பிரிக்கும்போது கிழிந்தது. எதிர்த் தரப்பு வக்கீல், இதை யார் வேண்டுமானாலும் நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதலாம் என்றார். நீதிபதி நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், ஏழெட்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், நேற்று எழுதியிருந்தால் ஒரே பேனாவில் இருந்திருக்கும், இதில் நாலு கலர் மை இருக்கிறது, நடுவில் பென்சிலும் இருக்கிறது என்று. அந்த அம்மா கேட்டது 6,000, உத்தரவு 5,500க்கு வந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பியுங்கள். பள்ளி ரசீது, வேன்காரருக்குப் போட்ட ஜிபே விவரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் தனித்தனியாகச் சேரட்டும்.

அடுத்தது அவருடைய பக்கம். கைக்கு 29,000தான் வருகிறது என்று அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் கோர்ட் பார்க்கும் எண் அது இல்லை. பே ஸ்லிப்பில் சட்டப்படி கட்டாயமாகப் பிடிப்பதை மட்டும்தான் கழிப்பார்கள். பி.எஃப். 1,800, தொழில் வரி போன்ற கட்டாயப் பிடித்தம் ஒரு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக அவருடைய நிகர வருமானம் 46,000. மிச்சம் 17,000 எங்கே போகிறது என்றால், பர்சனல் லோனுக்கு 11,000, பைக்குக்கு 3,500, கம்பெனி சொசைட்டிக்கு 2,500. இவை அவராக விரும்பி ஏற்றுக்கொண்டவை. லோன் கட்டுகிறேன், எல்.ஐ.சி. கட்டுகிறேன், சீட்டு கட்டுகிறேன் என்று சொல்லிப் பிள்ளையின் பங்கைக் குறைக்கக் கோர்ட்டுகள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டுக்கே அவர் ஹவுசிங் லோன் கட்டுகிறார் என்றால் அது வேறு விஷயம், அதைக் கணக்கில் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். அவருடைய வயதான அம்மா அவரை நம்பி இருக்கிறார் என்றால் அதையும் பார்ப்பார்கள். அதில் நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள், அது நியாயமான கழிவு.

நீங்கள் 14,000 சம்பாதிக்கிறீர்கள். இதை மறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். துணிக்கடை சம்பளம் பேங்கில் ஏறுகிறது, ஒரே குறுக்கு விசாரணையில் வெளியே வந்துவிடும், அப்புறம் நீங்கள் சொன்ன உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். மறைக்கத் தேவையும் இல்லை. அம்மா சம்பாதித்தால் பிள்ளைக்குப் பணம் கிடையாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளையின் செலவை இருவரும் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பதுதான் முறை. 2000ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்பாவுக்கு இரண்டு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு என்று பிரித்தே கொடுத்திருக்கிறது.

உங்கள் விஷயத்தில் 46,000, 14,000, கூட்டினால் 60,000. பிள்ளைகளின் 22,300ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் அவர் பங்கு சுமார் 17,100, உங்கள் பங்கு 5,200. இதை வேறு ஒரு வழியிலும் சரி பார்க்கலாம். 2004ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு முறை இருக்கிறது: குடும்பத்தின் மொத்த வருமானத்தை ஒரு கேக் மாதிரி வைத்துக்கொண்டு, சம்பாதிக்கும் கணவருக்கு இரண்டு துண்டு, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. உங்கள் வீட்டுக்கு ஐந்து துண்டு, ஒன்று 12,000. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 36,000, அதில் உங்கள் சம்பளம் 14,000 போக அவர் தர வேண்டியது 22,000. அவருடைய அம்மாவையும் சேர்த்தால் ஆறு துண்டு, ஒன்று 10,000. அப்போது 30,000இல் 14,000 போக 16,000. நம் 17,100 இந்த இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது. அப்படி உட்கார்ந்தால் நீங்கள் கேட்பது நியாயமான தொகை என்று தைரியமாக வாதாடலாம். அதைக் கொடுத்த பிறகும் அவர் கையில் 28,900 இருக்கும்.

இதே 17,100ஐ நீதிபதி அப்படியே போட்டுவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. இடைக்கால உத்தரவில் கொஞ்சம் குறைத்தும், விசாரணை முடிந்த பிறகு ஏற்றியும் போடுவது உண்டு. நான் உங்கள் மனுவை எழுதினால் பிள்ளைக்கு 9,000 வீதம் 18,000 கேட்பேன். காலையில் எழுப்பி, கிளப்பி, ராத்திரி மூச்சுத் திணறும்போது தூக்கிக்கொண்டு ஜி.எச்.சுக்கு ஓடுவது முழுக்க நீங்கள்தான், அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் மனுவில் எழுதுவேன். 40,000 கேட்டுவிட்டு 15,000க்கு இறங்குவது எனக்குப் பிடிக்காது. பெருக்கிக் கேட்கிற மனுவை நீதிபதி முதல் பார்வையிலேயே வேறு கண்ணோடு பார்ப்பார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பெரியவளுக்கு இவ்வளவு, சின்னவனுக்கு இவ்வளவு, எனக்கு வேண்டுமென்றால் தனியாக இவ்வளவு என்று தொகையைப் பிரித்துக் கேளுங்கள். ஆரம்ப காலத்தில் ஒரு கேஸில் நான் 'மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து' என்று எழுதிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கிடைத்தது, உடனே எதிர்த் தரப்பு மொத்தத் தொகையையும் குறைக்கச் சொல்லி மனு போட்டது. அதில் பிள்ளையின் பங்கு எது என்று காட்டவே முடியவில்லை, பிள்ளைக்கு வந்துகொண்டிருந்ததும் சேர்ந்து குறைந்தது. அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உங்கள் கணவர் பே ஸ்லிப் உள்ளவர், அதனால் பாதிக் கஷ்டம் இல்லை. கம்பெனிக்கு சம்மன் அனுப்பிச் சம்பளச் சான்றிதழை வரவழைக்கலாம். முதுநகர் ஹார்பரில் மீன் ஏலம் எடுப்பவர், சொந்தமாக லோடு வண்டி ஓட்டுபவர், முந்திரி புரோக்கர் என்றால் எல்லாம் ரொக்கம், அஃபிடவிட்டில் மாதம் 10,000 என்று எழுதுவார்கள். அங்கே வாழ்க்கை முறையைத்தான் காட்ட வேண்டும்: வண்டியின் ஆர்.சி., ஜி.எஸ்.டி. கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், பட்டா, சிட்டா. எனக்கு ரொம்ப உதவிய ஆவணம் லோன்தான். மாதம் 15,000 தவணை கட்டுகிறேன் என்று புலம்புகிறவர், அந்த லோனை வாங்கும்போது பேங்கில் தன் வருமானம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த விண்ணப்பத்தை வரவழைக்கக் கோர்ட்டில் மனு போடுங்கள். வேலையே இல்லை என்று சொன்னாலும் தப்ப முடியாது. உடம்பில் தெம்பு இருக்கிற ஆள் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எங்கே போடுவது? அவர் புதுச்சேரியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கிற கடலூரிலேயே குடும்ப நீதிமன்றத்தில் போடலாம், பஸ் ஏறி அலைய வேண்டாம். மெயின் மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போடுங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த 60 நாளை ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள். தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும், உத்தரவு வந்த தேதியிலிருந்து இல்லை. இதுவும் அந்த 2020 தீர்ப்பில் இருக்கிறது. இப்படித் தள்ளிக்கொண்டே போகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்கு நஷ்டம். நடுவில் அவர் ஜிபேயில் போட்டதை மறைக்காமல் காட்டுங்கள், அதைக் கழித்துவிட்டுப் பாக்கியைப் போடுவார்கள்.

உங்கள் மாமா ஊர்ப் பெரியவர்களை வைத்து, மொத்தமாக இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு 'இனி எனக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். மேலே போட்ட கணக்குப்படி இரண்டு லட்சம் என்பது ஒரு வருஷத்துக்கான பணம்கூட இல்லை. சின்னவன் 18 வயதை எட்ட இன்னும் 14 வருஷம் இருக்கிறது. உங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. அப்படி எழுதினாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டி அவர்கள் இரண்டு மூன்று வருஷம் வாய்தா வாங்குவார்கள், நான் நிறையப் பார்த்துவிட்டேன். சமரசம் தப்பில்லை, கோர்ட்டில் மீடியேஷன் மூலமாகவே பேசி முடிக்கலாம், நானே பல பேரை அதற்கு அனுப்புகிறேன். அப்படி முடித்தால் பள்ளி ஃபீஸ் யார் கட்டுவது, ஆஸ்பத்திரிச் செலவு திடீரென்று வந்தால் யாருக்கு எத்தனை பங்கு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தொகை எவ்வளவு ஏற வேண்டும், இத்தனையும் எழுத்தில் வரட்டும். மொத்தத் தொகை கொடுப்பதாக இருந்தால் பிள்ளை பெயரில் டெபாசிட் ஆகட்டும்.

உத்தரவு வந்தும் கொடுக்கவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். பாக்கி சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போடுங்கள், தாமதித்தால் வாரண்ட் கேட்க முடியாது. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் உண்டு. ஜெயிலுக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள், தீராது, பணம் அப்படியே நிற்கும், 1989லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அவர் மாதச் சம்பளக்காரர் என்பதால் சம்பளத்தை ஜப்தி செய்யவும் வழி இருக்கிறது. மற்ற கடன்களுக்கு இருக்கிற பாதுகாப்பு ஜீவனாம்சத்துக்குக் குறைவு, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தொடக் கூடாது. கம்பெனியே பிடித்து நேராக உங்கள் கணக்கில் போடும்படி உத்தரவு கேட்கலாம், அதுதான் இருவருக்கும் நிம்மதி.

அவர் பணம் தராத மாதங்களில் பிள்ளைகளைப் பார்க்க விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் அதைச் செய்யாதீர்கள். பணம் வேறு, பார்க்கிற உரிமை வேறு. பார்க்க விடவில்லை என்று அவர் பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்று நீங்கள் பார்க்க விடாமல் இருக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் அப்பாவோடு இரண்டு மணி நேரம் இருப்பது அந்தப் பிள்ளைகளுடைய சந்தோஷம்.

இதைப் படிக்கிற அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், பேங்கில் போட்டு 'பிள்ளை ஃபீஸ், ஜூன்' என்று குறிப்பு எழுதுங்கள். வேலை போய்விட்டது, உடம்புக்கு முடியவில்லை என்றால் சும்மா நிறுத்திவிடாமல் 146வது பிரிவில் தொகையைக் குறைக்க மனு போடுங்கள், உண்மையான காரணம் இருந்தால் குறைப்பார்கள். பிள்ளைகள் உங்களிடம் இருந்து, அம்மா நல்ல சம்பளத்தில் இருந்தால் நீங்களும் கேட்கலாம். அதே 146ல்தான் ஃபீஸ் ஏறினால் அம்மாக்கள் தொகையைக் கூட்டிக் கேட்பதும்.

எந்த வயது வரை என்றால், 144வது பிரிவில் 18 வரை. உடல் அல்லது மன ஊனத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அதற்குப் பிறகும் உண்டு. பெரியவளுக்கு 1956 சட்டத்தின்படி, சொந்தமாகப் பிழைக்க வழியில்லாமல் இருந்தால் கல்யாணம் ஆகும் வரை கேட்கலாம்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் போட்டுத் தருவார்கள். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி ரசீதுகள், உங்கள் சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக் இவ்வளவும் ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்துப் போங்கள்.

சின்னவனின் பழைய மருந்துச் சீட்டுகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன என்றீர்கள். நீங்கள் எப்போதும் வாங்குகிற மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் பில் போடுகிற கடை என்றால் உங்கள் போன் நம்பரை வைத்துப் பழைய பில்களை எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டரிடமும் ஆஸ்பத்திரி நோட்டைக் காட்டி, அவனுக்கு வீசிங்குக்கு எப்போதிலிருந்து மருந்து போகிறது, இன்னும் எத்தனை நாள் தேவைப்படும் என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 900 ரூபாய்க்கு அதுதான் ஆதாரம்.